ரோஸ்மில்க் நாக்கு

மே 4, ஞாயிறு

இந்த நோட்டு என்னுடையது இல்லை. ஜெசிந்தா அக்காவின் பள்ளிக்கூடத்து நோட்டு. மார்ஜின்கூட அவளே போட்டுத்தான் கொடுத்தாள். டெல்சி என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், வெளிக்குப் போனாளா, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். திரும்பி வந்ததும் திருத்துவாளாம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவளுக்குத் தம்பியாகப் பிறந்தால் இப்படித்தான்.

அக்காவுக்குத் திருச்சியில் ஐந்து நாள் பயிற்சி. இதை முடித்தால்தான் தலைமை ஆசிரியர் பட்டியலில் பெயர் வரும். போன வருடம் டெல்சிக்குச் சளி, அதற்கு முந்தின வருடம் வயிற்றுப்போக்கு என்று இரண்டு தடவை போகாமல் விட்டுவிட்டாள். அத்தான் சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஆகஸ்டுக்கு முன்னால் கரை ஏற மாட்டார். ஆக, தூத்துக்குடியில் மிச்சம் இருப்பது நான்தான். பெர்லின், வயது இருபத்தேழு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினைச் சரி பார்க்கிற வேலை. ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "லேய், ஏதாவது ஒண்ணுன்னா உடனே போன் போடு. அடுத்த பஸ்ஸப் பிடிச்சி வந்துருவேன்" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. நீ தைரியமாப் போக்கா."

"நீ தைரியமாப் போன்னு சொல்லுதது தாம்ல பயமா இருக்கு."

டெல்சிக்கு மூன்றரை வயது. பஸ் மறையும்வரை அழுதாள். மறைந்த மறு நிமிடம், "பெல்லின் மாமா, ரோஸ்மில்க்" என்றாள்.

மே 5, திங்கள்

7.10: இட்லி, ஒன்றே கால். இரண்டு என்று எழுதச் சொல்கிறாள்.
11.00: ரோஸ்மில்க்.
1.15: மீன் குழம்பு சோறு. முள் எடுத்துக் கொடுத்ததில் எனக்குச் சோறு ஆறிப்போனது.
4.00: கடற்கரை. ரோஸ்மில்க். 4.40: இன்னொரு ரோஸ்மில்க். (அக்கா இதைத் திருத்தும்போது ஒன்று என்று படிக்கவும்.)
வெளிக்கு: இரண்டு முறை. இரண்டாவது முறை கடைக்காரர் உதவினார்.

மாலையில் என் தலையில் நான்கு கிளிப் மாட்டிவிட்டாள். அதோடு போய்ப் பால் வாங்கினேன். திரும்பி வரும்வரை கிளிப் ஞாபகமே இல்லை.

மே 6, செவ்வாய்

மதியம் வரை எழுத ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். அவளுடைய பத்து உருப்படிகளும் சேர்ந்து என் ஒரு பேண்ட் அளவுகூட இல்லை; ஆனால் கறை மட்டும் பத்து பேருக்கு உண்டு.

சாயங்காலம் மடியில் வந்து படுத்தாள். டெல்சி தானாக வந்து படுப்பது புதுசு. தொட்டுப் பார்த்தால் சுட்டது. 6.15 மணி, 101.4. அலமாரியில் இருந்த காய்ச்சல் சிரப்பை, அக்கா பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்த அளவுக்குக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு அக்கா போன். அவளைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்களாம். குரலே பத்து வயது குறைந்திருந்தது.

"டெல்சி எப்படி இருக்கா?"

"சூப்பரா இருக்கா."

சூடாகவும் இருக்கிறாள் என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், போகும்.

மே 7, புதன்

காலை 102.8. மதியம் 103. சிரப் கொடுத்தால் ஒரு மணி நேரம் இறங்குகிறது, பிறகு மறுபடி ஏறிக்கொள்கிறது.

தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் போய்விடும் என்றார் டாக்டர். டெல்சி அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டினாள். "என்னம்மா இவ்வளவு சிவப்பு?" என்று கேட்டார். "ரோஸ்மில்க்" என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம். சிரித்துவிட்டார்.

அக்கா போன் செய்தபோது டெல்சி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று சொன்னேன். அது உண்மை.

மே 8, வியாழன்

இரண்டு கண்ணும் சிவப்பு. பீளை இல்லை, நீர் வடியவில்லை, வெறும் சிவப்பு. உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. எதிர்வீட்டு சலேத்தம்மா அக்கா எட்டிப் பார்த்து, "சூட்டுக் காய்ச்சலுய்யா, இளநி குடு" என்றாள். கொடுத்தேன். உதடு எரிகிறது என்று டெல்சி தட்டிவிட்டாள். சட்டை, தரை, நான், எல்லாம் இளநீர்.

நாக்கு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. சின்னச் சின்னப் புள்ளியாக, ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேல்தோல் மாதிரி. கடைசியாக ரோஸ்மில்க் குடித்தது திங்கட்கிழமை. நல்ல சாயம்தான் கலக்கிறார்கள்.

இன்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "லேசா மேல் சுடுது. இன்னைக்குக் காலையிலதான். டாக்டரப் பாத்தாச்சி."

"நான் வரவா?"

"நாளைக்கு எப்படியும் வரப்போற. ஒரு நாளைக்காக எதுக்கு விடுத?"

 "சரி" என்றாள்.

மே 9, வெள்ளி

முதுகிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு. கொசு என்று நினைத்து வீடெல்லாம் கொசுவர்த்தி வைத்தேன். செருப்பு போட்டுவிடப் பார்த்தால் கால் நுழையவில்லை. ஒரே வாரத்தில் கால் வளர்ந்துவிட்டதே என்று அவளிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையும் அப்படித்தான், பன் மாதிரி உப்பியிருக்கிறது.

சாப்பாடு: ஒன்றும் இல்லை. கார்ட்டூன்: வேண்டாமாம். கிளிப் மாட்டட்டுமா என்று நானே கேட்டேன். வேண்டாமாம்.

அக்கா ஏழு மணிக்கு வந்தாள். கையில் சான்றிதழ். கதவைத் திறந்ததும் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சான்றிதழைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு டெல்சியைத் தூக்கிக்கொண்டாள். இந்த நோட்டைக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

மே 10, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். பெரிய கூட்டம். நாற்பத்திரண்டாம் டோக்கன். டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். டெல்சியின் கண், நாக்கு, கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது தோளைத் திருப்பினார். அங்கே பிறந்த உடனே போட்ட ஊசியின் தழும்பு; அதைச் சுற்றி நன்றாகச் சிவந்திருந்தது. தினமும் குளிப்பாட்டியவன் நான். ஒரு நாளும் நான் கவனித்ததில்லை.

"காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?"

"வியாழக்கிழமை காலைல, டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ இன்னைக்கு மூணாவது நாள். ஒரு சந்தேகம் இருக்கு. அஞ்சு நாளா விடாத காய்ச்சல்னா இன்னைக்கே திருநெல்வேலிக்கு எழுதிக் குடுத்திருப்பேன். மூணு நாள்தானே, ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை பாப்போம்."

நான் சுவரில் இருந்த பல் துலக்கும் முயல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் கொடுத்தாயிற்று. வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறக் காலைத் தூக்கினாள்.

"அக்கா, வியாழக்கிழமை இல்ல."

"என்னது?"

"செவ்வாய். சாயங்காலம் ஆறே காலுக்கு. நூத்தி ஒண்ணு புள்ளி நாலு."

தூக்கிய காலை அக்கா கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நோட்டு எங்க?" என்று மட்டும் கேட்டாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நடுத்தெருவில் நின்று செவ்வாய், புதன், வியாழன் மூன்றையும் படித்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராகக் கதவைத் தள்ளினாள்.

டாக்டர் நோட்டைப் படித்தார். மூன்று ரோஸ்மில்க்கையும் படித்தார். சிரிக்கவில்லை.

"அஞ்சாவது நாள்" என்றார். "கவாசாகின்னு ஒரு நோய். ரத்தக் குழாய்களோட சுவர்ல அழற்சி வரும். எல்லாம் தானா அடங்கிடும். ஆனா போற போக்குல இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயைக் கெடுத்துட்டுப் போயிடலாம். பத்து நாளுக்குள்ள மருந்து ஏத்தினா அதைப் பெரும்பாலும் தடுக்கலாம். இப்பவே கிளம்புங்க." என்னைப் பார்த்து, "நீங்க எழுதி வச்சது நல்லதாப் போச்சு" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 11, ஞாயிறு

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி. பூசைக்குப் போகாத ஞாயிறு.

நேற்று மாலை இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கக் குழாய் ஒன்றின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, மூன்று புள்ளி ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தில் சுவர் தளர்ந்து புடைத்திருக்கிறது. அங்கே ரத்தம் தேங்கி உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்களாம். ஒரு மில்லிமீட்டர் என்பது என் ஸ்க்ரூடிரைவர் முனைகூடக் கிடையாது. வேலையில் தண்ணீர் ஓஸ் இப்படிப் புடைத்தால் ஒரு நிமிடத்தில் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவேன்.

காலை எட்டு மணிக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கண்ணாடிப் பாட்டில், உள்ளே பார்த்தால் தண்ணீர் மாதிரி. இது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது என்று நர்ஸ் சொன்னார். சொட்டுச் சொட்டாக சாயங்காலம் வரை போனது.

"யாரு ரத்தம், மாமா?" என்று டெல்சி கேட்டாள். குரல் கம்மியிருந்தது.

"ஆயிரம் பேரு."

"பேரு சொல்லு."

சொன்னேன். தெரிந்த பெயரெல்லாம் சொன்னேன். பங்குச்சாமியார், பால்காரர், சலேத்தம்மா அக்கா, என் மேனேஜர். எழுபதுக்கு மேல் ஓடவில்லை. மறுபடி பால்காரரைச் சொன்னபோது கண்டுபிடித்துவிட்டாள்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. எதுவானாலும் டெல்சி மூலமாகத்தான்.

"மாமாட்ட வெந்நி வாங்கிட்டு வரச் சொல்லு."

"மாமா, அம்மா பன்னி வாங்கிட்டு வரச் சொல்லுது."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மே 12, திங்கள்

காய்ச்சல் இல்லை. ஒன்றரை இட்லி. அரை இட்லியை எனக்கு ஊட்டிவிட்டாள், அதையும் அவள் கணக்கில் எழுதச் சொன்னாள்.

அத்தான் கப்பலிலிருந்து பேசினார். அக்கா போனை என் கையில் தந்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை "அத்தான்?" என்றேன்.

"இருக்கேன் மாப்ள, சொல்லு" என்றார். கடைசியில், "அங்க இப்ப யாரு யாரு இருக்கிய?" என்று கேட்டார்.

"நான், அக்கா, டெல்சி."

"நீ அங்கயே இரு" என்றார்.

மே 13, செவ்வாய்

காலை ஆறரைக்கு 101.2.

சிலருக்கு முதல் தடவை ஏற்றிய மருந்து போதாதாம். இன்னொரு தடவை ஏற்றுகிறார்கள். மதியம் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று புள்ளி ஒன்றிலேயே நிற்கிறது.

எழுத வேறு ஒன்றும் இல்லை. பக்கத்து பெட் பையனுடைய பொம்மை லாரியின் சக்கரத்தைச் சரி செய்து கொடுத்தேன். நாலு சக்கரமும் கழற்றித்தான் மாட்டினேன். ஒன்றுதான் ரிப்பேர்.

மே 15, வியாழன்

நேற்றும் இன்றும் காய்ச்சல் இல்லை. கண்ணில் சிவப்பு போய்விட்டது. ஊசி போட வந்த நர்ஸிடம், "எனக்கு முடிஞ்சிட்டு, மாமாக்குப் போடு" என்கிறாள். இந்த மருந்து ஏற்றியதால் தட்டம்மைத் தடுப்பூசி இனி பதினோரு மாதம் கழித்துத்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆள் பெரிய மிதப்பில் இருக்கிறாள். பதினோரு மாதம் என்றால் என்றைக்குமே கிடையாது என்று கணக்கு.

மதியம் அவள் தூங்கும்போது அக்கா எனக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். தூது போக ஆள் இல்லாததால் நேராகவே பேச வேண்டியதாயிற்று.

"சாப்பிடு."

சாப்பிட்டேன். தலையைத் தூக்காமல், "நீ பட்டியல்ல வரணும்னுதாங்கா" என்றேன்.

"தெரியும். அதுக்காக உன்ன விட்டுருவேன்னு நெனைக்காத."

"சரி."

 பிறகு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "புதன்கிழமையே உன் குரல் சரியில்லல. என் போன்ல வீடியோ கால் இருக்கு. ஒரு அமுக்கு அமுக்கிப் பிள்ள மொகத்தப் பாத்திருக்கலாம். பாத்தா வரணுமேன்னு பாக்கல."

 என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். சின்ன வயதில் அப்பளத்துக்காக என்னை அடித்திருக்கிறாள். வாங்கிக்கொண்டாள்.

மே 19, திங்கள்

வீடு. வந்து இரண்டு நாள் ஆகிறது. தினமும் ஒரு சின்ன மாத்திரை, தண்ணீரில் கரைத்து. ஹார்ட் அட்டாக் வந்த பெரியவர்கள் சாப்பிடும் அதே ஆஸ்பிரின். எங்கள் மேனேஜரும் அதைத்தான் சாப்பிடுகிறார். டெல்சியிடம் சொன்னேன். "அவரு எச்சி மாத்திரையா?" என்றாள்.

வேறு எந்தக் காய்ச்சல் மருந்தும் கேட்காமல் கொடுக்கக்கூடாது. யாருக்காவது அம்மையோ ஃபுளுவோ இருந்தால் அவள் அந்தப் பக்கமே போகக்கூடாது. இதைச் சொல்லி சலேத்தம்மா அக்காவின் தும்மலைத் தெருவிலேயே நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொண்டாள். மறுநாள் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு மாக்ரூன் கொண்டுவந்தாள்.

மே 22, வியாழன்

விரல் நுனியில் தோல் உரிகிறது. இந்த நோயில் இப்படித்தான் ஆகுமாம், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். டெல்சி பயப்படவில்லை. "நான் பாம்பு" என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். மூன்று பிள்ளைகள் தங்கள் தோல் ஏன் உரியவில்லை என்று வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

அக்காவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் வேலைக்குப் போகும் வழியில் டெல்சியைப் பால்வாடியில் விடுகிறேன். ஓடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் அவள் ஓடும்போதெல்லாம் நானும் பக்கத்தில் ஓடுகிறேன். இந்த மாதம் மூன்று கிலோ குறைந்திருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

நாளை ஸ்கேன். அக்கா ஒரே சோற்றை இரண்டு முறை வடித்தாள்.

ஜூன் 27, வெள்ளி

திருநெல்வேலி. ஸ்கேன் அறைக்குள் பிள்ளையோடு ஒருவர்தான் போகலாம். பெயர் கூப்பிட்டதும் அக்கா எழுந்தாள், இரண்டு அடி வைத்தாள், நின்றுவிட்டாள்.

"நீ போ" என்றாள்.

"நானா? நீதானே அம்மா?"

"அந்தத் திரையைப் பாத்துட்டு நிக்க என்னால முடியாதுல. நீ போ. என்ன சொல்லுதாங்களோ, அப்படியே வந்து சொல்லு."

"அப்படியேவா?"

"ஒரு புள்ளி குறையாம" என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

உள்ளே குளிர். நெஞ்சில் பசை தடவியதும் டெல்சி நெளிந்தாள். அசையாமல் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். "மாமாவும் அசையாம நிக்கணும்" என்றாள் அவள். சரி என்று நின்றேன். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது, சின்ன வாய் ஒன்று ஓயாமல் பேசுகிற மாதிரி. அவளேதான். டாக்டர் அதை நிறுத்தி நிறுத்தி அளந்தார். மறுபடி அளந்தார்.

"சார், நீங்க மூச்சு விடலாம்" என்றார்.

விட்டேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். புரியாததை மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

வெளியே அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் போல இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டே சொல்லில் முடித்துவிட வேண்டும் போலவும் இருந்தது.

"மூணு புள்ளி ஒண்ணு இருந்தது இப்ப ரெண்டு புள்ளி மூணு" என்றேன். "இன்னும் முழுசா ரெண்டுக்கு வரல. ரத்தம் உறையல. இதயம் நல்லா அடிக்கி. மாத்திரைய நிறுத்தக் கூடாது. செப்டம்பர்ல மறுபடி ஸ்கேன். அதுக்குள்ள சுருங்கிரும்னு அவரு நெனைக்காரு, ஆனா உறுதியாச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. சுருங்கினாலும் வருசா வருசம் காட்டணும். ஓடலாம், குதிக்கலாம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் திறந்தாள்.

"அவ்வளவுதானா? எதையும் விடலியே?"

யோசித்தேன். "அழுதேன். அத விட்டுட்டேன்."

"நான் பாத்தேன்" என்றாள் டெல்சி, என் தோளில் பசையைத் துடைத்துக்கொண்டே. "கர்ச்சீப்பு இல்ல. மாமா என் கவுன்ல தொடச்சிட்டு."